நான்காம் இடத்துக்குப் பிறகு

குன்னூரில் பழைய தேயிலைக் கிடங்கு ஒன்றின் மாடியில் 17 ஆண்டுகளாக உடற்பயிற்சிக் கூடம் நடத்தி வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 5 மணிக்குக் கதவைத் திறந்தால் இரும்புக் கம்பியை வெறும் கையால் பிடிக்க முடியாது; துணியைச் சுற்றிக்கொண்டுதான் முதல் செட் அடிக்க வேண்டும். அந்தக் குளிரிலும் எனக்கு முன்பாகவே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்த மகன் அவர். பயிற்சிக்காகவே வெலிங்டனில் மாமா வீட்டில் தங்கியிருந்தார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன். நான் அவரை அழைப்பதும் அப்படித்தான்.

ஆணழகன் போட்டியைப் பார்க்க வருகிறவர்கள் பருமனைப் பார்க்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறவன் முதலில் பார்ப்பது எலும்பின் அமைப்பை. தோள் அகன்று இடுப்பு குறுகியிருக்க வேண்டும். ஒவ்வொரு தசையும் மூட்டுக்கு நெருக்கமாக இறங்கி வந்து முடிய வேண்டும். மலையில் ஏறி இறங்கி வளர்ந்தவர்களுக்குக் கெண்டைக்கால் தானாகவே வந்துவிடும் என்று சமவெளியில் இருக்கும் மாஸ்டர்கள் என்னிடம் சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. தசை எந்த இடத்தில் எலும்போடு ஒட்டும் நாணாக மாறுகிறது என்பது பிறப்பிலேயே அமைந்துவிடுவது, எந்த ஏற்றமும் அதை மாற்றாது. தம்பிக்கு இரண்டும் அமைந்திருந்தன. 19 வயதில் மாவட்டப் போட்டியில் முதலிடம் பெற்றார். 22 வயதுக்குள் மாநில அளவில் 70 கிலோ பிரிவில் இரண்டு பதக்கங்கள் வாங்கினார். அதற்குப் பிறகுதான் புரோ கார்டு, அதாவது தொழில்முறை வீரராகப் போட்டியிடுவதற்கான அனுமதி, என்ற சொல் எங்கள் பேச்சில் நுழைந்தது.

இந்த விளையாட்டைத் தொடராதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த பென் வைடர், ஜோ வைடர் சகோதரர்கள் 1946இல் ஐ.எஃப்.பி.பி. என்ற சர்வதேச உடற்கட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். தொழில்முறை வீரர்களுக்கான மிஸ்டர் ஒலிம்பியா போட்டி 1965இல் தொடங்கியது. லாரி ஸ்காட் அதில் முதல் பட்டத்தை வென்றார். 2017இல் அமெச்சூர் கூட்டமைப்பும் தொழில்முறைப் பிரிவும் தனித்தனியாகப் பிரிந்த பிறகு, தொழில்முறைப் பிரிவுக்குள் நுழைவதற்கான தகுதிப் போட்டிகள் பல நாடுகளில் நடக்கத் தொடங்கின, இந்தியாவிலும் நடக்கின்றன. அவற்றில் உச்சத்தில் வருகிற ஒருவருக்கோ, போட்டியைப் பொறுத்துச் சிலருக்கோ மட்டும் புரோ கார்டு கிடைக்கும். அதற்கு ஒரு படி கீழே நின்றவருக்கு ஒரு பதக்கம் உண்டு. அடுத்த போட்டிக்கு அந்தப் பதக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த முறை அவரும் முதன்முறையாக மேடை ஏறுகிறவரும் ஒரே வரிசையில், ஒரே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 புள்ளித் தரமும் பொதுவாக மூன்று நார்ம்களும் வேண்டும். நார்ம் என்பது ஒரு போட்டியில் அந்தப் பட்டத்துக்குரிய தரத்தில் ஆடியதற்கான கணக்கு. ஒரு நார்ம் வாங்கியவருக்கு அது வாழ்நாள் முழுவதும் செல்லும். இன்னும் இரண்டுதான் பாக்கி என்று அவரால் வீட்டில் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் இத்தனை பிள்ளைகள் பல ஆண்டுகள் பொறுத்திருந்து அந்தப் பட்டத்தை எட்டியதற்கு, போன தூரம் அழியாமல் கணக்கில் நிற்பதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். எங்கள் விளையாட்டில் பாக்கி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. வந்ததா, வரவில்லையா என்ற ஒரே கேள்விதான் ஊரிலும் கேட்கப்படும்.

தம்பியின் முதல் தகுதிப் போட்டி மும்பையில். கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கும் மேல் ஆகும் பயணம். விமானக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 15 வாரம் உப்பையும் மாவுச்சத்தையும் தண்ணீரையும் அளந்து அளந்து கொடுத்து, தோல் காகிதம் போல ஒட்டியிருந்த உடம்போடுதான் அவரை மலையிலிருந்து கூட்டிச் சென்றேன். லாட்ஜ் அறையில் அவர் காலுறையைக் கழற்றியபோது, கணுக்காலுக்கு மேலே கயிற்றால் கட்டியது போல அதன் வளையம் பதிந்திருந்தது. முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. பத்து எண்ணும் வரை நிறையவில்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒன்றும் பேசவில்லை. மணிக்கணக்காகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்ததில் நீர் கீழே இறங்கித் தங்கிவிட்டது. அதோடு, தசையில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் ஏறக்குறைய 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கும் என்பதால், கடைசி இரண்டு நாளில் சோற்றையும் கிழங்கையும் எவ்வளவு ஏற்றுவது என்ற கணக்கு மிக நுட்பமானது. அந்தக் கணக்கை நாங்கள் ஒத்திகை பார்த்தது 1,850 மீட்டர் உயரத்தில், பனிக்காற்றில். செயல்படுத்தியது கடலோரப் புழுக்கத்தில்.

நடுவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கச் சிலரை முன்னால் கூப்பிடுவதை அழைப்பு என்போம். மேடையில் முதல் அழைப்பிலேயே அவரை நடுவில் நிறுத்தினார்கள். நடுவில் நிறுத்தப்படுகிறவர் போட்டியில் இருக்கிறார் என்று பொருள். முன்பக்கப் போஸ்கள் முடிந்து, திரும்பி நின்று இரு கைகளையும் மடக்கி முதுகைக் காட்டும் பேக் டபுள் பைசெப்ஸ் போஸைக் காட்டிய பிறகு, நடுவர் அவரை ஓரத்துக்கு மாறச் சொன்னார். அந்த இரண்டு அடி நகர்வில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான்காம் இடம் என்று அறிவித்தார்கள்.

மேடைக்குப் பின்னால், உடம்பில் பூசியிருந்த பழுப்புச் சாயம் வியர்வையில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்க, அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"மாஸ்டர், நான் எதுல தோத்தேன்?"

"சைஸ் பத்தலைன்னு நெனைக்கிறேன் தம்பி," என்றேன்.

அந்தப் பதிலை நான் எந்த ஆதாரத்திலிருந்தும் சொல்லவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அதன் விளைவு அடுத்த ஆண்டு முழுவதையும் தின்றுவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் திறமையுள்ளவர்கள் ஒதுங்கிப் போவதற்கான வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. உடற்கட்டுப் போட்டியில் ஓட்டப்பந்தயம் போல விநாடியோ, பளுதூக்குதல் போலக் கிலோவோ கிடையாது. ஒவ்வொரு நடுவரும் தன் பார்வையில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று வரிசைப்படுத்துகிறார். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மீதியைக் கூட்டுகிறார்கள். குறைந்த எண் பெற்றவர் வெல்கிறார். வீரருக்கு வந்து சேர்வது அந்தக் கூட்டலின் முடிவு மட்டும்தான். நான்காம் இடம் என்றால் தசை போதவில்லை என்று பொருளாகலாம். தசை இருந்தும் நீர் வற்றவில்லை என்று ஆகலாம். எல்லாம் இருந்தும் போஸில் காட்டத் தெரியவில்லை என்று ஆகலாம். அன்றைக்கு வந்த மூன்று பேர் அவரைவிட நன்றாக இருந்தார்கள், அவ்வளவுதான் என்றும் ஆகலாம். இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு, சில நேரம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். முதல் குறைக்கு நிறையச் சாப்பிட வேண்டும். இரண்டாவது குறையில் அதையே செய்தால் நிலைமை மோசமாகும்.

நாங்கள் தவறான மருந்தைத்தான் எடுத்தோம். எடையைக் கூட்டினோம். ஓராண்டு கழித்து 75 கிலோ பிரிவில், முன்பைவிடப் பெரிய உடம்போடு, முன்பைவிடத் தெளிவு குறைந்து மேடை ஏறினார். முதல் அழைப்பில் அவர் எண்ணைக் கூப்பிடவில்லை. இரண்டாவது அழைப்பிலும் கூப்பிடவில்லை. போட்டிக்கு வந்திருந்த யாரோ எடுத்த படங்கள் பல மாதம் கழித்து எங்களுக்குக் கிடைத்தன. முதலாண்டுப் படத்தையும் இரண்டாமாண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். முதலாண்டில் முன்பக்கம் அப்பழுக்கற்று இருந்தது. குறை முழுவதும் தொடையின் பின்புறத்தில் தேங்கிய நீரில் இருந்தது. அவருக்கு ஒரு கிலோ தசைகூடக் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கவில்லை. இரண்டு நாள் முன்னதாக மும்பைக்குப் போய்க் காலை உயர்த்திப் படுத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும். அதை ஒரு நடுவர் ஒரே வரியில் சொல்லியிருந்தால் இரண்டாம் ஆண்டு வேறு மாதிரி இருந்திருக்கும். நடுவரைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது.

இரண்டாம் போட்டி முடிந்து ஊர் திரும்பிய மறுவாரமே தம்பி, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வாரத்தில் அப்படி ஒரு முடிவை எடுக்கக் கூடாது என்று இப்போது என்னிடம் வரும் எல்லோருக்கும் சொல்கிறேன். உடலில் கொழுப்பே இல்லாத நிலைக்கு மாதக்கணக்காக இறங்கி வந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் சரிந்திருக்கும், தைராய்டின் வேலை மந்தமாகியிருக்கும், தூக்கம் உடைந்திருக்கும். மேடை முடிந்ததும் பசி கட்டுக்கடங்காமல் வரும். பத்து நாளில் முகம் ஊதி, அத்தனை உழைப்பும் கண்ணெதிரே மூடிப்போகும். பழைய நிலைக்கு உடம்பு திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும். வாழ்க்கையில் ஒரு மனிதன் மிகவும் சோர்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் ஊரார் வந்து, "என்னாச்சு, கெடைக்கலையா?" என்று விசாரிக்கிறார்கள். அவருடைய அம்மா என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. தலையணை உறையில் அந்தச் சாயம் மூன்று முறை துவைத்தும் போகவில்லையாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

பணமும் காரணம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நாமக்கல்லிலிருந்து மலை ஏறி வரும் முட்டையில் நாளுக்கு 20 வெள்ளைக்கருவும், கோழியும், மீனும் என்று நான்கு மாதம் ஓட்ட வேண்டும். நுழைவுக் கட்டணம், பயணம், தங்கும் இடம் எல்லாம் தனி. பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கும் மாதங்களில் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா கோபமாக எதுவும் சொல்லவில்லை. "போதும்ப்பா, கவாத்துக்கு ஆள் இல்ல," என்றார். தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் வேலைதான் கவாத்து.

வேலை பற்றிய கணக்கு இன்னும் கடுமையானது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது வரம்பு 18 முதல் 25 வரை. அதற்கு அரசு அங்கீகாரம் பெற்ற கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். புரோ கார்டுக்கான தனியார் போட்டியில் நான்காம் இடம் வந்ததை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது. ஒரு கூட்டமைப்பின் மேடையில் ஏறியவரை இன்னொரு கூட்டமைப்பு தடை செய்த காலமும் உண்டு. இப்படி இருக்க, தசை முதிர்ந்து இறுகுவதோ முப்பதுக்கு மேல். ரானி கோல்மேன் தன் முதல் ஒலிம்பியா பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 34. 2018இல் ஷான் ரோடன் வென்றபோது 43. வேலைக்கான கதவு 25இல் மூடுகிறது, உடம்பு உச்சத்துக்கு வரவோ இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது. நடுவில் இருக்கிற பத்து ஆண்டை எதை வைத்து ஓட்டுவது என்று 23 வயதுப் பிள்ளை கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அமெச்சூராகவே நின்று பெயர் வாங்கியவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த எஸ். பாஸ்கரன் 2019இல் அர்ஜுனா விருது பெற்றார். அந்த வழியை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் புரோ வழியைத் தேர்ந்தெடுத்துத் தடுக்கி விழுந்தவர், திரும்பி வந்து அந்த வழியிலும் சேர முடியாத வயதில் நிற்கிறார்.

கோல்மேனைப் பற்றிப் பேசினாலே, அவர் விடாமல் முயன்றார், நீயும் முயற்சி செய் என்று சொல்லும் வழக்கம் எங்கள் கூடங்களில் இருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது. அமெரிக்க தேசியப் போட்டியின் ஹெவிவெயிட் பிரிவில் 1990இல் அவருக்கு மூன்றாம் இடம். 1991இல் ஒரு படி சறுக்கி நான்காம் இடம். அதே 1991இல் உலக அமெச்சூர் போட்டியில் முதலிடம் பெற்று அந்த வழியாகத் தொழில்முறைக்குள் நுழைந்தார். ஒரு கதவு இரண்டு முறை மூடியபோது அவருக்கு அருகிலேயே இன்னொரு கதவு இருந்தது. உள்ளே போன பிறகும் ஒலிம்பியாவில் 1992இல் 16, 1994இல் 15, 1995இல் 11, 1996இல் 6, 1997இல் 9 என்று வந்து, 1998இல்தான் முதலிடம். இத்தனை ஆண்டும் டெக்சாஸின் ஆர்லிங்டனில் அவர் போலீஸ் வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உறுதி நிற்பதற்கு அவர் காலடியில் தரை இருந்தது என்று சொல்கிறேன்.

நம் நாட்டு மனோகர் ஐச்சின் கதையிலும் அதேதான். 4 அடி 11 அங்குல உயரமுள்ள அந்த வங்காளி 1951இல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடம் வந்தார். ஊர் திரும்பாமல் அங்கேயே பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, பயிற்சியைத் தொடர்ந்து, 1952இல் வென்றார். 104 வயது வரை வாழ்ந்து 2016இல் மறைந்தார். இரண்டாம் இடம் வந்த கையோடு அவர் கப்பல் ஏறியிருந்தால், மறு ஆண்டு லண்டனுக்குப் போக அவருக்கு வழி கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. தோல்விக்குக் காரணம் தெரியாத பிள்ளையிடம் காரணம் சொல்ல ஓர் ஆள் எப்போதும் காத்திருக்கிறான். மேடைக்குப் பின்னால், கழிப்பறை வாசலில், "ஊசி போடாம இந்த ஸ்டேஜ்ல ஒண்ணும் நடக்காது" என்று தம்பியிடமும் ஒருவன் சொன்னான். நடுவர் பேசாமல் விட்ட இடத்தை அவன் நிரப்புகிறான். இதயச் சுவர் தடிப்பதையும், ரத்தக் கொழுப்பு கெடுவதையும், குழந்தைப் பேறு பாதிக்கப்படுவதையும் அவன் சொல்வதில்லை. நீரை வற்றவைக்கும் மாத்திரைகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1992இல் போட்டி முடிந்த அன்றே உயிரிழந்த முகமது பெனாசிசாவும், 1996இல் 31 வயதில் இறந்த ஆந்திரியாஸ் மூன்சரும் இந்த விளையாட்டு அறிந்த சாட்சிகள். தம்பி அந்தப் பக்கம் போகவில்லை. அவர் விலகியதற்கு வருந்துகிற நான், இதற்காக மட்டும் ஒவ்வொரு நாளும் நிம்மதி அடைகிறேன்.

சென்ற ஆண்டு என்னிடம் பயிலும் இன்னொரு பிள்ளையுடன் ஒரு தகுதிப் போட்டிக்குப் போனேன். இரண்டு நாள் முன்னதாகவே இறங்கினோம். அவருக்கும் கார்டு கிடைக்கவில்லை, ஐந்தாம் இடம். இந்த முறை நான் நேராகத் தலைமை நடுவரிடம் போய், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, என்ன குறை என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்று நிமிடம் பேசினார். முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி நின்றதும் கீழ்முதுகு மூடியிருக்கிறது. முதுகை விரித்துக் காட்டும் லாட் ஸ்ப்ரெட் போஸில் முழங்கையை மிகவும் பின்னால் இழுத்துவிடுவதால் அகலம் போகிறது. எடை கூட்ட வேண்டாம், இதே எடையில் இன்னும் டிரையாக, அதாவது தோலுக்கு அடியில் நீர் வற்றி, வரட்டும் என்றார். நான் அவ்வளவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். திரும்பி வரும் ரயிலில் அந்தப் பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. முழங்கையை எங்கே வைப்பது என்று ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டே வந்தது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்குப் போனேன். தம்பி கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். தோள் இன்னும் அப்படியே இருக்கிறது. செடிகளுக்கு நடுவில் நின்றபடியே கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு, என் போனில் அவருடைய முதலாண்டுப் படம் இருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். தொடையின் பின்புறத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"சைஸ் இல்ல மாஸ்டர்," என்றார்.

"இல்ல தம்பி," என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் குன்னூருக்கு வருகிறார். ஐந்தாம் இடம் வந்த அந்தப் பிள்ளைக்குப் பின்பக்கப் போஸ்களைச் சொல்லிக்கொடுக்கிறார். திரும்பி நின்று தானே செய்தும் காட்டுகிறார். அவருக்கு வயது 26. மறுபடி மேடை ஏறுவாரா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் கிளம்பும்போது, வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு ஜோடி 10 கிலோ டம்பெல் கிடைக்குமா என்று கேட்டார். துணி சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தேன்.